இருந்தால் பூட்டிக்கொள்

பிப்ரவரி. மூன்றாம் நாளாகக் கப்பல் வரவில்லை.
துவோராய்ரி மருத்துவமனையின் நிலவறையில்,
கொதிகலனுக்கும் உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் நடுவே,
என் கணினி கெர்னலைத் தொகுத்துக்கொண்டிருந்தது.
ஐம்பது நிமிடம்.
கோப்பில் நான் சேர்த்தது இரண்டே வரி:
ஐபிசெக் வேண்டும்,
அதனோடு மறையாக்கமும் வேண்டும்.

எக்ஸ்ரே படங்கள் இங்கிருந்து தோர்ஷவ்னுக்குப் போகின்றன,
கடலடிக் கம்பி வழியே.
அங்கே ஒரு டாக்டர் பார்த்து இரண்டு வாக்கியம் எழுதுவார்.
இனி எதுவும் உறையில்லாமல் போகக் கூடாது என்று
அமைச்சகம் கடிதம் அனுப்பியிருந்தது.
கடிதம் உறையில் வந்தது.

கெர்னல் எழுந்தது. கொள்கை எழுதினேன்:
இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்குப்
போவது எதுவானாலும் சுரங்கம் வழியே.
வரியின் கடைசியில் ஒரு சொல் கேட்டது.
'யூஸ்' என்று போட்டேன்.
கையேட்டின் உதாரணத்தில் அப்படித்தான் இருந்தது.
அந்தக் கரையில் ஹேயின் அதையே நகலெடுத்தான்.
பிங் அடித்தேன், பதில் வந்தது.
காபி குடித்தேன்.

பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள், வேறெதற்கோ,
கம்பியில் காது வைத்தேன்.
எண்களின் குப்பை ஓட வேண்டிய இடத்தில்
ஒரு பெயர் ஓடியது.
சுன்வா. பிறந்த ஆண்டு. இடது நுரையீரல், மேல் மடல்.
என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருப்பவள்.
கையைவிடக் கண் முந்திக்கொண்டது.
திரையை மூடியபோது
வாக்கியத்தை வாசித்து முடித்திருந்தேன்.

'யூஸ்' என்றால் என்னவென்று அப்புறம்தான் படித்தேன்.
சாவி இருந்தால் பூட்டிக்கொள்,
இல்லாவிட்டால் அப்படியே போ.
எவ்வளவு நல்ல சுபாவம்!
யாரையும் வழிமறிக்காது, மல்லுக்கு நிற்காது.
புகார் மட்டும் சொல்லியிருக்கிறது,
யாரும் திறக்காத பதிவேட்டில், பத்து விநாடிக்கொரு தடவை:
சாவி ஒத்துப்போகவில்லை
சாவி ஒத்துப்போகவில்லை
நான் பிங்கை நம்பிக்கொண்டிருந்தேன்.

சொல்லை மாற்றினேன். 'ரெக்வயர்'.
எல்லாம் அப்படியே நின்றது.
எக்ஸ்ரே அறையிலிருந்து மார்யுன் இறங்கி வந்தாள்.
"நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது?"
"இப்போதுதான் சரியாக இருக்கிறது," என்றேன்.
வேலை செய்யாத திரையையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

ஹேயினை அழைத்தேன். "நீதானா?"
அவன் இருமினான்.
போதும், அந்த இருமலைப் போலிசெய்யும் பொறுமை
எந்தத் திருடனுக்கும் இருக்காது.
சாவியை எழுத்தெழுத்தாக வாசித்தோம்.
பத்தொன்பதாவது இடத்தில் என்னிடம் 'பி', அவனிடம் 'டி'.
முதல் தடவை சொன்ன அன்றும்
கூரையில் இதே காற்று.

இப்போது காது வைத்தால்
வரிசை எண் மட்டும் நகர்வது தெரிகிறது.
பழைய எண்ணோடு திரும்பி வருவதை
கெர்னல் வாசலிலேயே தூக்கி எறிகிறது.
வழியில் ஒரே ஒரு பிட்டை எவனாவது தொட்டிருந்தாலும்
எறிகிறது, ஏனென்று கேட்பதில்லை.

அறிக்கை எழுதினேன்: தேதிகள், அந்தச் சொல், அந்த எழுத்து.
"வெளியார் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை."
வெளியார் என்ற இடத்தில்
கர்சர் நெடுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கப்பல் வந்தது.
கடை வரிசையில் எனக்கு முன்னால் சுன்வா,
கூடையில் பால், ஈஸ்ட், ஒரு கட்டு மெழுகுவர்த்தி.
"உருளைக்கிழங்கு புதிதாக இறங்கியிருக்கிறது, யோஹில்ட்,
நல்லதாகவும் இருக்கிறது," என்றாள்.
உலை வாய்க்கு மூடி உண்டு.
என் வாய்க்கு எழுத
எந்தக் கையேட்டிலும் உதாரணம் இல்லை.
"ஆமாம்," என்றேன், "நல்லதாகத்தான் இருக்கிறது."
இரண்டு கிலோ எடுத்துக்கொண்டேன்.
வீட்டில் ஏற்கெனவே இருந்தது.